மேல் வீட்டு மண், கீழ் வீட்டுச் சுவர்: தடுப்புச் சுவர் செலவு யாருடையது?

கீழ்வீட்டுக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் ஆறு சென்ட்டில் எங்கள் வீடு. சரிவு நிலம். 1994-ல் அப்பா வீடு கட்டும்போது பின்பக்க மேட்டை ஐந்தடி செங்குத்தாக வெட்டிச் சமன் செய்தார். வெட்டிய முகத்தில் கருங்கல்லை அடுக்கித் தடுப்புச் சுவர் வைத்தார். நீளம் 38 அடி. மேலே அப்போது வெறும் தேயிலைச் செடிதான். இத்தனை வருஷமாக அந்தச் சுவரில் ஒரு கல்கூட அசையவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மேல் நிலத்தை ஒருவர் வாங்கி வீடு கட்டினார். நல்ல மனிதர்தான், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். கார் நிறுத்த இடம் போதவில்லை என்று எங்கள் சுவரின் தலைக்கு மேல் இன்னும் நாலடி மண் கொட்டி, ஓரத்தில் ஹாலோ பிளாக் சுவர் எழுப்பி, மேலே சிமெண்ட் தளம் போட்டுவிட்டார். போன ஐப்பசி மழையில் எங்கள் சுவர் நடுவில் வயிறு தள்ளிவிட்டது. ஒரு இடத்தில் கல் இடுக்கில் கை மணிக்கட்டு வரை போகிறது. அதற்கு நேர் எதிரே சமையலறை ஜன்னல்.

போய்க் கேட்டேன். "சுவர் உங்களுது, உங்கப்பா கட்டினது. மாத்திக் கட்ட வேண்டியது நீங்கதான். வேணும்னா ஒரு லோடு ஜல்லி நான் வாங்கித் தர்றேன்" என்கிறார். மேஸ்திரி வந்து பார்த்து, மொத்தமாக இடித்துக் கட்ட நாலரை லட்சம் ஆகும் என்றார். பாதி கேட்கலாமா, முழுசும் கேட்கலாமா, இல்லை எனக்குக் கேட்கவே உரிமை இல்லையா? அப்பாவோ, "பொழுது விடிஞ்சா அவங்க முகத்துலதான் முழிக்கணும், சண்டை வேண்டாம்" என்கிறார்.

தாம்பரத்தான்

பாதி கேளுங்கள் சார், தயங்காதீர்கள். எல்லைச் சுவர் என்றாலே ஆளுக்குப் பாதி, அதுதானே நியாயம்?

எங்கள் லேஅவுட்டில் ஒரு எழுதாத வழக்கம் உண்டு. அவரவர் மனைக்கு ஒரு பக்கச் சுவரும் பின் சுவரும் கட்டிக்கொள்ள வேண்டும், மறுபக்கச் சுவர் பக்கத்து மனைக்காரருடையது. நான் என் பங்கைக் கட்டி முடித்தேன். அடுத்தவர், "எனக்கு சுவரே வேண்டாம், கம்பி வேலி போதும்" என்று உட்கார்ந்துவிட்டார். ஸ்டேஷனுக்குப் போனால், "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்று அனுப்பிவிட்டார்கள். கடைசியில் அவர் பக்கச் சுவரையும் நானே கட்டினேன். இப்போது அதில் அவர் மிளகாய் வற்றல் காயவைக்கிறார்.

ஜல்லி_சிமெண்ட்

தாம்பரத்தான் சொல்வது காம்பவுண்டு சுவர். இவர் கேட்பது தடுப்புச் சுவர். இரண்டையும் ஒன்றாகப் பேசினால் கணக்கு உதைக்கும். காம்பவுண்டு சுவர் தன் எடையையும் காற்றையும் தாங்கினால் போதும். தடுப்புச் சுவரின் வேலையே மண்ணைப் பிடித்து நிறுத்துவதுதான். மேல் வீட்டுக்காரர் வைத்த ஹாலோ பிளாக் சுவர் முதல் வகை. அதன் பின்னால் நாலடி மண்ணைக் கொட்டி இரண்டாம் வகை வேலையை வாங்குகிறார். அது நிற்பதே உங்கள் கருங்கல் சுவரின் புண்ணியத்தில்.

இப்போது கணக்கைப் பாருங்கள். மண் சுவரைத் தள்ளும் விசை உயரத்தின் வர்க்கத்தில் ஏறும். சுவரைக் கவிழ்க்கப் பார்க்கும் திருப்பம் உயரத்தின் கனத்தில் (உயரம் × உயரம் × உயரம்) ஏறும். உங்கள் அப்பா பிடித்து நிறுத்தியது ஐந்தடி மண். இப்போது பின்னால் நிற்பது ஒன்பதடி. உயரம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, 1.8 மடங்குதான். ஆனால் தள்ளும் விசை மூன்று மடங்குக்கு மேல், கவிழ்க்கும் திருப்பம் கிட்டத்தட்ட ஆறு மடங்கு. காரின் எடையும் சிமெண்ட் தளத்தின் எடையும் இந்தக் கணக்கில் இல்லை.

அதோடு தண்ணீர். காய்ந்த மண்ணும் சுவரைத் தள்ளும், ஆனால் பின்னால் தண்ணீர் கட்டி நின்றால் தள்ளும் விசை இரண்டு மடங்குக்கு மேல் போகும். ஐப்பசி மழையில்தான் வயிறு தள்ளியது என்கிறீர்களே, அதுதான் காரணம். அந்தக் கார் தளத்தின் மழைநீர் எங்கே போகிறது? தளத்துக்கும் ஹாலோ பிளாக் சுவருக்கும் நடுவில் விரிசல் இருக்கிறதா? இந்த இரண்டையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

என் கட்சி இதுதான்: நிலத்தின் பழைய மட்டத்தை யார் மாற்றினாரோ, மாற்றிய அளவுக்கு அவர் செலவு. வெட்டியவர் வெட்டின உயரத்துக்கு, கொட்டியவர் கொட்டின உயரத்துக்கு. பாதிப் பாதி என்பது இதில் ஒட்டவே ஒட்டாது.

கீழ்வீட்டுக்காரன்

பார்த்துவிட்டேன். தளம் எங்கள் பக்கமாகத்தான் சாய்ந்திருக்கிறது. அவர் கூரைத் தண்ணீர்க் குழாயும் அந்த மூலையில்தான் வந்து விழுகிறது. விரிசல் இருக்கிறது, அதில் புல்லே முளைத்திருக்கிறது.

ஆனால் அப்பா ஐந்தடி வெட்டியதும் உண்மைதானே? அதை அவர் குத்திக் காட்டினால் என்ன சொல்வது?

கோர்ட் வாசல்

வக்கீலாக இருப்பதால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பாதிப் பாதி என்ற நம்பிக்கை. எல்லைச் சுவருக்கோ வேலிக்கோ பக்கத்து மனைக்காரர் கட்டாயம் பாதி கொடுக்க வேண்டும் என்று நம்மிடம் ஒரு தனிச் சட்டம் இல்லை. ஒப்பந்தம் இருந்தால் ஒப்பந்தப்படி. இல்லையென்றால் யாருக்கு வேண்டுமோ அவர் தன் நிலத்துக்குள் தன் செலவில் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். தாம்பரத்தானுக்கு ஸ்டேஷனில் கிடைத்த பதிலில் தவறில்லை.

தடுப்புச் சுவர் வேறு. 1882-ஆம் வருஷத்து இந்திய ஈஸ்மெண்ட் (வசதியுரிமை) சட்டம், பிரிவு 7. ஒவ்வொரு நிலத்துக்கும் அதன் இயற்கை நிலையில் பக்கத்து மண் தரும் தாங்குதலைப் பெறும் உரிமை உண்டு. இயற்கை நிலை என்றால் என்ன என்பதையும் அதே பிரிவு சொல்கிறது: தோண்டப்படாமலும், செயற்கையான பாரம் ஏற்றப்படாமலும் இருக்கிற நிலம். இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு உங்கள் வழக்கைப் பாருங்கள். உங்கள் அப்பா வெட்டியதால் மேல் நிலத்துக்கு இருந்த இயற்கைத் தாங்குதல் போனது. அதற்கு ஈடாகத் தேயிலைத் தோட்டம் சரியாமல் பிடிக்க ஒரு சுவர் தர வேண்டிய கடமை உங்கள் குடும்பத்துக்கு உண்டு. குத்திக் காட்டினால் ஒத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் கடமை 1994-ல் இருந்த நிலத்துக்குத்தான். பிறகு கொட்டிய நாலடி மண்ணும் காரும் செயற்கைப் பாரம். அதைத் தாங்கும் கடமை உங்களுக்கு இல்லை. ஜல்லி_சிமெண்ட் கணக்குப் போட்டுச் சொன்னதையேதான் சட்டம் வேறு வழியில் சொல்கிறது.

ஆனால் சும்மா இருந்துவிடக் கூடாது. அதே சட்டத்தின் பிரிவு 15-ன்படி, 20 வருஷம் தடையில்லாமல், சச்சரவின்றி அனுபவித்தால் கட்டடத்துக்கும் தாங்குதல் உரிமை வந்துவிடும். மூன்று வருஷம்தான் ஆகியிருக்கிறது. இப்போதே எழுத்தில் ஆட்சேபம் தெரிவியுங்கள். பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு.

தண்ணீர் விஷயத்திலும் மேல் வீட்டுக்காரர் சறுக்குகிறார். மேட்டு நிலத்தில் பெய்த மழை தானாகப் பள்ளத்துக்கு வழிந்தால் கீழ் நிலத்துக்காரர் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும், அதுவும் பிரிவு 7-ல் இருக்கிறது. கூரைத் தண்ணீரைக் குழாயில் சேர்த்து ஒரே மூலையில் கொட்டுவது தானாக வழிவது ஆகாது.

அவசரம் என்றால் கோட்டாட்சியரிடம் மனு கொடுங்கள். விழும் நிலையில் உள்ள கட்டுமானத்தைச் சரிசெய்யவோ அகற்றவோ அவர் நிர்வாக நடுவர் என்ற முறையில் உத்தரவிடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது பிரிவு 133. 2024 ஜூலை முதல், அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தில் பிரிவு 152. சிவில் வழக்கு வருஷக்கணக்கில் இழுக்கும், இது அப்படி இழுக்காது. பணம் யார் தர வேண்டும் என்று இதில் தீர்ப்பு வராது என்பதையும் மனதில் வையுங்கள்.

மேட்டுவீடு

எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள். குன்னூரில் நான் மேல் வீட்டுக்காரன், என் தரப்பையும் கேளுங்கள்.

கீழே இருப்பவர்கள் வெட்டுகிறார்கள். வெட்டி இரண்டு மூன்று வருஷத்தில் எங்கள் முற்றம் விரிகிறது. கேட்டால், "என் நிலத்துல நான் வெட்டினேன்" என்பார்கள். பிறகு சுவர் கட்டும் செலவு மட்டும் மேலே இருப்பவன் தலையில். ஏன், சுவரால் பயன் யாருக்கு? கீழே தூங்குகிறவருக்குத்தானே? சுவர் விழுந்தால் என் கார் போகும், அவர் உயிர் போகும். பயன்படுபவர் செலவைப் பகிர வேண்டாமா?

முப்பது வருஷத்துக்கு முந்தைய சாந்தில்லாத சுவருக்கு வயசு ஆகிவிட்டதா இல்லையா, அதையும் சொல்லுங்கள். மண் கொட்டாமல் இருந்தாலும் ஒருநாள் மாற்றத்தான் வேண்டும்.

ஜல்லி_சிமெண்ட்

மேட்டுவீடு சொன்னதில் பழைய சுவருக்கு வயசானது நியாயம், கீழே வெட்டுவதால் முற்றம் விரிகிறது என்பதும் நியாயம். பயன்படுபவர் செலவைப் பகிர வேண்டும் என்பதுதான் இடிக்கிறது. என் தலைக்கு மேல் ஒருவர் கல்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "விழாமல் இருந்தால் உனக்குத்தானே லாபம், கைவலிக்குக் கூலி கொடு" என்று கேட்பது போலிருக்கிறது.

கீழ்வீட்டுக்காரருக்கு ஒரு வழி. மேஸ்திரி வாய்க்கு வந்த நாலரை லட்சத்தை விடுங்கள். ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் இரண்டு மதிப்பீடு வாங்குங்கள். ஒன்று, 1994 மட்டத்துக்கு ஐந்தடிச் சுவர் புதிதாகக் கட்ட எவ்வளவு. மற்றொன்று, இப்போதுள்ளபடி ஒன்பதடி மண், மேலே கார், இதற்கு எவ்வளவு. முதல் தொகை உங்களுடையது. பழைய சுவருக்கு வயசாகிவிட்டது என்ற வாதமும் அதிலேயே அடங்கிவிடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவருடையது.

அவருக்கு அந்த வித்தியாசம் கசந்தால் இன்னொரு வழி. கொட்டிய மண்ணைப் பின்னுக்கு இழுத்து, தன் நிலத்துக்குள் தள்ளி நாலடித் தடுப்புச் சுவர் ஒன்றைத் தனியாகக் கட்டிக்கொள்ளட்டும். இரண்டு படியாக மண் நிற்கும். ஆளுக்கொரு சுவர், பேச்சே இல்லை. எவ்வளவு தள்ளுவது என்பதை மண்ணைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். மேல் சுவரின் பாரம் கீழ்ச் சுவர்மேல் இறங்காத தூரம் வேண்டும்.

பழைய சர்வேயர்

பணம் பேசுவதற்கு முன்னால் அளந்தீர்களா தம்பி? வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் சொல்கிறேன், சுவர் இருக்கிற இடம்தான் எல்லை என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். புலப்படத்தை, அதாவது சர்வே வரைபடத்தை, விரித்தால் எல்லை வேறு இடத்தில் போகும்.

மலைச் சரிவில் இது இன்னும் மோசம். புலப்படத்தில் உள்ள அளவு கிடைமட்ட அளவு. நீங்கள் டேப்பைச் சரிவோடு சரிவாகத் தரையில் இழுத்துப் பிடித்தால் நீளம் கூடுதலாகக் காட்டும். பத்து மீட்டர் கிடைமட்டத்துக்கு மூன்று மீட்டர் இறங்கும் சரிவில், தரையோடு அளந்தால் கிட்டத்தட்ட பத்து மீட்டர் 44 சென்டிமீட்டர் வரும். அந்த ஒன்றரை அடிக்குத்தான் அண்ணன் தம்பி வெட்டிக்கொள்கிறார்கள். டேப்பை மட்டமாகப் பிடித்து, குண்டுநூல் விட்டு, படிப்படியாக இறங்கி அளக்க வேண்டும்.

தாலுகா ஆபீஸில் எல்லை அளந்து அத்து காட்டச் சொல்லி மனு கொடுங்கள். எஃப் லைன் மனு என்று சொன்னால் புரியும். இப்போது ஆன்லைனிலும் போடலாம். பட்டா, பத்திரம், புலப்பட நகல் மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அளக்க வரும்போது பக்கத்துக்காரருக்கும் அறிவிப்பு போகும், அவர் இருக்கும்போது அளப்பதுதான் நல்லது. முதலில் பழைய கல் தெரிகிறதா என்று புதரை விலக்கித் தேடுங்கள். மண் கொட்டும்போது கல்லையும் சேர்த்துப் புதைத்திருப்பார்கள், அது ஒன்றும் புதுசில்லை. சர்வே கல்லைப் பிடுங்குவதும் நகர்த்துவதும் குற்றம் என்பது ஞாபகம் இருக்கட்டும், உங்களுக்கும் சேர்த்துத்தான்.

கதியால்

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். இங்கே மலையும் இல்லை, மண் சரிவும் இல்லை, ஆனால் வேலிச் சண்டைக்கு எங்களை வெல்ல ஆளில்லை. கிளுவையும் பூவரசும் கதியாலாக (வேலிக் கம்பாக) நட்டு, கிடுகோ (பின்னிய தென்னோலையோ) பனையோலையோ வைத்து அடைப்போம். எந்தப் பக்க வேலி யார் அடைக்க வேண்டும் என்பது பரம்பரையாகத் தெரிந்திருக்கும். அடைக்கிற பொறுப்பு இருப்பவர், பட்டுப்போன கதியாலுக்குப் பதில் புதுசு நடும்போது ஒரு சாண் வெளியே தள்ளி நடுவார். அடுத்த முறை இன்னொரு சாண். பிறகு கோடு (கோர்ட்), வழக்கு, தலைமுறைக் கோபம்.

இப்ப எல்லாரும் மதில் கட்டுகிறார்கள். மதில் நகராது எண்டு ஒரு நிம்மதி. பிழையான இடத்தில் கட்டினாலும் நகராது, அதுதான் தொல்லை.

மெல்பர்ன் மாமி

நாங்கள் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் வேலிக்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது, 1968-ல் வந்தது. சாதாரணமாகப் போதுமான ஒரு பொது வேலிக்கு இரண்டு வீட்டுக்காரரும் சமமாகக் கொடுக்க வேண்டும். எனக்கு இன்னும் உயரமாக, அழகாக வேண்டும் என்றால் கூடுதல் செலவு என்னுடையது. முதலில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், மதிப்பீட்டோடு. கேட்காமல் கட்டிவிட்டுப் பில்லை நீட்டினால் செல்லாது.

தாம்பரத்தானுக்கு இது பொறாமையாக இருக்கும். ஆனால் வேடிக்கை என்னவென்றால் தடுப்புச் சுவர் அந்தச் சட்டத்தில் வராது. எங்கள் தெருவில் வேலி எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும், மண்ணைத் தாங்கும் சுவர் என்று வந்தால் வக்கீல் வந்துவிடுவார். இங்கேயும் முதல் கேள்வி, யார் வெட்டினது, யார் நிரப்பினது என்பதுதான்.

தாம்பரத்தான்

பொறாமைதான் மாமி. வக்கீல் சார், ஒரு சந்தேகம். முழுக்க என் பணத்தில், என் நிலத்துக்குள் கட்டிய சுவர். அடுத்தவர் அதில் துளை போட்டு ஷெட் கூரையைச் சொருகினால் நான் தடுக்கலாமா?

கோர்ட் வாசல்

தாராளமாக. உங்கள் நிலம், உங்கள் சுவர். ஆனால் முழுக்க உங்கள் நிலத்துக்குள்தானா? சுவர் ஒன்பது அங்குலம் என்றால் அடியில் அஸ்திவாரம் இரண்டு அடி அகலமாவது இருக்கும். சுவரை எல்லையோடு ஒட்டிக் கட்டியிருந்தால் அஸ்திவாரம் அவர் பக்கம் நீட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. அதைப் பார்த்துக்கொண்டு நோட்டீஸ் விடுங்கள். நடு எல்லையில் இருவரும் சேர்ந்து கட்டிய பொதுச்சுவர் என்றால் கதையே வேறு.

ஏற்காடு மிளகு

காப்பித் தோட்டத்துக்காரி நான், எங்கள் வீட்டைச் சுற்றி மூன்று தலைமுறைக் கல் அடுக்குகள் இருக்கின்றன. மேட்டுவீடு ஐயா, சாந்தில்லாத சுவர் என்று இளக்காரமாகச் சொல்லாதீர்கள். கல்லைச் சும்மா அடுக்கியதால்தான் அது நிற்கிறது. மழைத் தண்ணீர் இடுக்குகள் வழியாகக் கசிந்து போய்விடும், பின்னால் தேங்காது. பாம்பு வருகிறது என்று இடுக்கையெல்லாம் சிமெண்ட் வைத்து அடைப்பவர்கள் உண்டு. அடுத்த மழையிலேயே சுவர் தொப்பை போடும். சாந்து வைத்துத்தான் கட்டுவேன் என்றால் வீப் ஹோல் குழாய், அதாவது பின்னால் சேரும் தண்ணீர் வெளியே வடிய சுவரில் குழாய், வைத்தாக வேண்டும். குழாய்க்குப் பின்னால் மண்ணை நேராக நெருக்காமல் ஜல்லி நிரப்ப வேண்டும். மேஸ்திரிகள் குழாயை வைத்துவிடுவார்கள், ஜல்லியை மறந்துவிடுவார்கள். ஒரே வருஷத்தில் களிமண் அடைத்துக்கொள்ளும். மழை நாளில் குழாயில் தண்ணீர் சொட்டுகிறதா என்று பாருங்கள். சொட்டவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

கீழ்வீட்டுத் தம்பிக்கு நான் சொல்ல வந்தது வேறு. காசு யார் தருவது என்று பேசி முடிக்கும் வரைக்கும் அந்தச் சமையலறையில் யாரும் படுக்க வேண்டாம், மழையில் அந்தப் பக்கமே நடமாட வேண்டாம். 2019 டிசம்பர் 2 விடியற்காலை, மேட்டுப்பாளையம் நடூரில் கருங்கல் சுற்றுச்சுவர் மழையில் சரிந்து பக்கத்து வீடுகள்மேல் விழுந்தது. தூக்கத்திலேயே 17 பேர் போனார்கள். அந்தச் சுவர் ஆபத்தானது என்று அங்கிருந்தவர்கள் முன்பே முறையிட்டிருந்ததாகச் செய்திகளில் வந்தது.

இடிக்கும்போதும் அதே பயம் உண்டு. 2024 பிப்ரவரியில் ஊட்டி லவ்டேலில் தடுப்புச் சுவர் வேலைக்கு மண் தோண்டியபோது, மேலே இருந்த பழைய கட்டடம் சரிந்து ஆறு பெண் தொழிலாளர்கள் இறந்தார்கள். அடியில் 38 அடியையும் ஒரே மூச்சில் தோண்டிவிடாதீர்கள். சிறு சிறு துண்டாக, ஒன்று விட்டு ஒன்று தோண்டிக் கட்டச் சொல்லுங்கள். வேலையை மாசி பங்குனியில் வையுங்கள்.

மேட்டுவீடு

நடூரைச் சொன்ன பிறகு நான் வாதாடப் போவதில்லை. தம்பி, அந்த அண்ணனிடம் தனியாகப் பேசுங்கள், தெருவில் நான்கு பேர் முன்னால் வேண்டாம். மேலே இருப்பவனுக்கு உள்ளூரப் பயம் இருக்கும், வெளியே காட்டிக்கொள்ள மாட்டான். கையில் இன்ஜினியர் காகிதம் இருந்தால் நல்லது.

இன்னொன்று, நீலகிரியில் ஜேசிபி வைத்து மண் எடுக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அவர் மண் கொட்டியபோது வாங்கினாரா என்று கேட்கலாம். ஆனால் மிரட்டலாகக் கேட்காதீர்கள். நாளைக்கு உங்கள் சுவர் வேலைக்கும் அதே அனுமதி வேண்டும்.

கீழ்வீட்டுக்காரன்

கொஞ்ச நாள் எழுத முடியவில்லை. இப்போது நிலவரம் சொல்கிறேன்.

சர்வேயர் வந்து அளந்தார். பழைய சர்வேயர் ஐயா சொன்னது அப்படியே நடந்தது: ஒரு கல் கொட்டிய மண்ணுக்கு அடியில் கிடந்தது, கடப்பாரையால் கிளறித்தான் எடுத்தோம். எங்கள் கருங்கல் சுவர் முழுக்க எங்கள் நிலத்தில்தான் இருக்கிறது. சுவரின் பின் விளிம்பிலிருந்து இன்னும் அரை அடி தாண்டித்தான் எல்லை. அதாவது அண்ணன் வைத்த ஹாலோ பிளாக் சுவர் எங்கள் சுவரின் தலையில், எங்கள் நிலத்தில் நிற்கிறது. அவருக்கே அது தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். முகம் சுண்டிப்போய்விட்டது. அதை வைத்து அவரை மடக்கலாம் என்று என் மைத்துனர் குதித்தார். அப்பா விடவில்லை.

கோயம்புத்தூரில் இருந்து ஒரு இன்ஜினியரை வரவழைத்து இரண்டு மதிப்பீடும் வாங்கினேன். ஐந்தடிக்குக் கருங்கல் கட்டு, பழசை இடிப்பது சேர்த்து, ஒரு லட்சத்து தொண்ணூறாயிரம். ஒன்பதடிக்குக் கான்கிரீட் சுவர் ஐந்து லட்சத்து இருபதாயிரம். அவர் பங்கு மூன்று லட்சத்து முப்பதாயிரம் வருகிறது. காகிதத்தைக் காட்டியதும், "இவ்வளவா!" என்று ஒரு வாரம் பேசவே இல்லை. மண்ணைப் பின்னுக்கு இழுக்கும் யோசனையைச் சொன்னேன். இழுத்தால் கார் நிற்காது, அதனால் வேண்டாம் என்றார். பிறகு அவர் மனைவி வந்து அம்மாவிடம் பேசினார். மேலே இருந்து கீழே எட்டிப் பார்க்கவே பயமாக இருக்கிறது என்றாராம். இப்போது மூன்று லட்சம் தருகிறேன், கூரைக் குழாயையும் ரோட்டுக் கால்வாய்க்குத் திருப்புகிறேன் என்கிறார். மீதி முப்பதாயிரத்தை நான் விட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.

ஒரே குழப்பம். கான்கிரீட் சுவரின் அடித்தளம் ஐந்தரை அடி அகலம் வருகிறது. அதில் பெரும்பகுதி அவர் கார் தளத்துக்கு அடியில் போகும் என்று வரைபடத்தில் இருக்கிறது. சுவர் எங்கள் நிலத்தில், அடித்தளம் அவர் நிலத்தில். நாளைக்கு அவர் வீட்டை விற்றால்?

கோர்ட் வாசல்

முப்பதாயிரத்தை விட்டுவிடுங்கள். வழக்கு என்று போனால் முதல் இரண்டு வருஷச் செலவு அதைத் தாண்டும்.

அடித்தளத்தை விட்டுவிடாதீர்கள். முத்திரைத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் அது உங்கள் இருவரை மட்டும்தான் கட்டும். நிலத்தின் மேல் ஒரு நிரந்தர உரிமையை உண்டாக்குவதால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள். பிறகு வாங்க வருகிறவர் வில்லங்கச் சான்று எடுத்தால் அதில் தெரியும். எழுத வேண்டியவை: சுவர் யாருடையது, அடித்தளம் எந்த சர்வே எண்ணில் எத்தனை அடி நுழைகிறது, பராமரிப்புச் செலவு எந்த விகிதத்தில், தளத்துக்கு மேல் இன்னும் மண்ணோ கட்டடமோ ஏற்றக் கூடாது, கூரைத் தண்ணீரை மறுபடி இந்தப் பக்கம் திருப்பக் கூடாது. சர்வேயர் கொடுத்த அளவையும் இன்ஜினியர் வரைபடத்தையும் இணைப்பாகச் சேருங்கள். ஹாலோ பிளாக் சுவர் இடிபடும் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள், பிறகு அதற்கு நஷ்டஈடு என்று பேச்சு வரக்கூடாது.

அவர் வங்கிக் கடனில் வீடு கட்டியிருந்தால் மூலப்பத்திரம் வங்கியில் இருக்கும். பதிவுக்கு முன்னால் வங்கியிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

பழைய சர்வேயர்

கிளறி எடுத்த கல்லை நீங்களே திரும்ப நட்டுவிடாதீர்கள். சுவர் வேலை முடிந்த பிறகு மறுபடி மனு போட்டு, சர்வேயரை வைத்து நடச் சொல்லுங்கள்.

ஜல்லி_சிமெண்ட்

வரைபடத்தில் இன்னும் இரண்டு விஷயம் பாருங்கள். சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்புவது எத்தனை அங்குல அகலம் என்று எழுதியிருக்கிறதா? வீப் ஹோலில் வரும் தண்ணீர் உங்கள் பக்கம்தான் விழும். அதை வாங்கிக்கொண்டு போக சுவரின் அடியில் ஒரு வாய்க்கால் வேண்டும். பெரும்பாலும் அது மதிப்பீட்டில் இருக்காது, வேலை முடிந்ததும் சமையலறை வாசலில் தண்ணீர் நிற்கும்போதுதான் ஞாபகம் வரும். வாய்க்கால் செலவு யார் பங்கு என்று இப்போதே பேசி, அந்தப் பத்திரத்திலேயே ஏற்றிவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

கீழ்வீட்டுக்காரன்

வாய்க்கால் இல்லைதான். இன்ஜினியருக்கு இப்போதே போன் போடுகிறேன். அந்த முப்பதாயிரத்தை வாய்க்கால் கணக்கில் கேட்டுப் பார்க்கலாம் என்கிறார் அப்பா.